அப்பா மலையேறிட்டார்

சன்னிவேல்,
ஏப்ரல் 21

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் ஜம்புநாதன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், ஜலஜா, பிள்ளை சாய்ராம், மருமகள் விஷாகா, பேத்தி ஸ்ம்ருதி எல்லோரும் க்ஷேமம். இந்த க்ஷேமம் என்ற வார்த்தையை ஐம்பது வருஷமாகக் கடிதங்களில் எழுதிவருகிறேன். இவ்வளவு அழுத்தி எழுதுவது இதுதான் முதல் தடவை. நான் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் தாங்கள், விடியற்காலையில் எனக்காகத் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதில் பிடித்த ஜலதோஷம் நீங்கி, பிரியம்வதா அக்காவுடன் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பகவானைப் பிரார்த்திக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வசந்த கால லீவு விட்டால் வீட்டில் உட்கார்ந்திருப்பது மகா பாவம். எல்லோரும் காரில் கூடாரம் வரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். விஷாகாவும் நாலரை மணி நேரத் தொலைவில் ஒரு மலை ஊரில் மரவீடு ஒன்று புக் பண்ணிவிட்டாள். அங்கே போனதும் வன இலாகா அம்மாள் ஒருத்தி வந்து, இது கரடி நடமாடுகிற இடம், வாசனை உள்ள எதையும் காரில் வைக்காதீர்கள், வாசலில் இருக்கிற இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள் என்றாள். ஜலஜா கொண்டுவந்த சாமான்களில் வாசனை இல்லாதது எது என்று நீங்களே யோசியுங்கள். புளியோதரை, தக்காளித் தொக்கு, பெருங்காயம், விபூதி, முழங்காலுக்கான தைலம் எல்லாம் உள்ளே போயிற்று. பெருங்காய டப்பாவை மோந்து பார்த்த அந்த அம்மாள், இதற்குக் கரடி வராது, ஓடிப்போகும் என்று அபிப்பிராயப்பட்டாள். தைலம் தேய்த்துக்கொண்ட தாத்தாவையும் பெட்டியில் வைக்க வேண்டாமா என்று ஸ்ம்ருதி கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது.

சனிக்கிழமை காலை ஊரில் வசந்த விழா. தீயணைப்பு நிலையத்தில் தீயணைப்பு வீரர்களே அப்பம் மாதிரி ஒன்றைச் சுட்டுச் சுட்டுப் போட்டார்கள். அதற்குத் தேன்பாகு ஊற்றச் சொன்னார்கள், நான் தொக்கு தொட்டுக்கொண்டேன், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரும் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டு உடனே தண்ணீர் தேடிப் போனார். தீயணைப்பு நிலையம் என்பதால் பயமில்லை. குழந்தைகளுக்குக் காகிதப் பூ செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்ம்ருதி ஒரு முழ நீளத்துக்கு மாலையே கட்டிவிட்டாள். இந்த மாலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் மலை. அருவி வரை மூன்று மைல், எல்லாம் மேட்டுப் பாதை. எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது, டாக்டர் மெதுவாக ஏறலாம் என்று சொல்லியிருந்தார், மெதுவாக என்பதை நான் மிகவும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். எதிரே இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு, இதோ வந்துவிட்டது என்றார்கள். முதல் மைலிலும் இதோ, மூன்றாவது மைலிலும் இதோ. நம் கல்யாண மண்டபங்களில் அடுத்த பந்தி எப்போது என்றால் சொல்வார்களே, அந்த இதோ. ஸ்ம்ருதி என் கையை விடவே இல்லை. சாய்ராம் என் தண்ணீர் பாட்டிலோடு என் செருப்புப் பையையும் சுமந்தான். ஜலஜா எனக்கு முன்னால் போய் மேலே நின்றுகொண்டு, நாற்பத்தைந்து வருஷமாகச் செய்வதுபோல, சீக்கிரம் வாருங்கள் என்றாள்.

ஏறிவிட்டேன், அத்திம்பேர். எழுபத்தொரு வயதில் ஏறிவிட்டேன். பனி உருகி அருவியாய்க் கொட்டுகிறது, கீழே புல் முழுக்க மஞ்சள் பூ, இந்தக் கண் திறந்துதானே இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது. குளிரும் வந்தது. என் குரங்குக் குல்லாய் கரடிப் பெட்டியில் இருந்தது, தைல வாசனை அடிக்கிறது என்று அதையும் பூட்டிவிட்டார்கள். ஜலஜா தன் பையிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, காதை மூடி, தாடையோடு சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். விஷாகா வெயில் கிரீமை நெற்றியில் மூன்று விரலால் இழுத்துப் பூசினாள். ஒரு வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாறையில் கண்ணை மூடிப் படுத்தேன். ஸ்ம்ருதி மாலையைக் கொண்டுவந்து மார்மேல் சார்த்தினாள்.

சாய்ராம் போட்டோ எடுத்தான்.

அங்கே ஒரு இடத்தில் மட்டும் போனுக்கு சிக்னல் வந்தது. அதில் அவன் குடும்ப குரூப்புக்கு அனுப்பியதைத் தாங்கள் பார்த்தீர்கள். “அப்பா மலையேறிட்டார். கஷ்டப்படலை. கடைசியில முகத்துல ஒரு நிம்மதி. அம்மா தைரியமா இருக்கா.” அதன் கீழே அந்தப் படம். பிளஸ் டூவில் மார்க் வருமென்று சமஸ்கிருதம் எடுத்துப் படித்த பிள்ளை, அவன் தமிழ் இந்த அழகில்தான் இருக்கும். நம் பக்கத்தில் விளக்கு அணைந்தால் மலையேறிற்று என்போம், ஆள் போனாலும் அப்படியே சொல்வோம் என்பதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? அவனை மன்னித்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தவன், தாடைக் கட்டு, நெற்றியில் பட்டை, மாலை, வெள்ளைப் போர்வை. படத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

அப்போது உங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி. எங்களுக்கு உடனே சிக்னல் போய்விட்டது. நாலு மணி நேரம் கழித்து ஊருக்குள் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சாய்ராமின் போன் அடங்காமல் துள்ளியது. ஐம்பத்தாறு பேர் ஓம் சாந்தி. திருச்சியிலிருந்து மாரிசாமி, என் பழைய ஆபீஸ் நண்பன், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு மூன்று வரியில் என்னைப் பற்றி எழுதியிருந்தான், அதில் இரண்டு வரி நிஜம். அப்புறம் வாய்ஸ் மெசேஜில் உங்கள் குரல். சாய்ராம் அதை எல்லோரும் கேட்க வைத்தான்.

“சாய், உங்கப்பா சொன்னது சரிதான்டா. அன்னிக்கு ரசத்துல உப்பு இல்லை. நான்தான் வீம்புக்கு ஒத்துக்கலை. கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தான். ஒரு போன் பண்ணியிருக்கலாம் நான்.”

உங்கள் பெண் கல்யாணத்தில், பந்தியில் நாலு பேர் நடுவில், ரசத்தில் உப்பில்லை என்று நான் சொன்னதிலிருந்து நமக்குள் பேச்சில்லை. ஆறு வருஷம். சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்க உங்களுடையது என்று தெரிந்தே சொன்னேன். உங்கள் குரலைக் கேட்டதும் அந்த ஓட்டலில் வாய்விட்டு அழுதேன். பரிமாறுகிற பெண் பயந்துபோய், சூப்பில் ஏதாவது குறையா என்று கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்றேன். இனிமேல் சாப்பாட்டில் குறை சொல்வதாக இல்லை.

உடனே போன் போட்டேன். அக்கா எடுத்து, அழுது, திட்டி, மறுபடி அழுதாள். பிறகு உள்ளே பார்த்து, “ஏன்னா, ஜம்பு பேசறான். உயிரோடதான் இருக்கான்” என்றாள். “இருக்கானா? சரி, இருக்கட்டும்” என்று உங்கள் குரல் கேட்டது. அதற்கப்புறம் டிவி சத்தம்தான் கேட்டது. செத்துப்போனால் பேசுகிற மனுஷர், பிழைத்துவிட்டேன் என்றதும் பழையபடி ஆகிவிட்டாரே என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றிதான் இருக்கிறது. செத்தவன் காதில் விழாத வார்த்தையை நான் இருந்து கேட்டுவிட்டேன். கையை விடாத குழந்தைக்கும், செருப்பைச் சுமந்த பிள்ளைக்கும், துண்டு கட்டிய ஜலஜாவுக்கும், ஏற விட்ட அந்த மலைக்கும், எனக்காக ஸ்நானம் செய்த உங்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆவணியில் உங்கள் சதாபிஷேகம். பத்திரிகை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் வருவேன், எந்தப் பந்தியில் இலை போட்டாலும் உட்காருவேன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினால் போதும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசி. உங்கள் ஆசியை இங்கே எங்கள் ஐந்து பேருக்கும் வேண்டி,

தங்கள்,
(உயிருடன்)
ஜம்புநாதன்

பி.கு.: கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஸ்ம்ருதிக்குத் தமிழ் படிக்க வராது, கேட்டால் எல்லாம் புரியும். “தாத்தா, தட்ஸ் நாட் ட்ரூ. யூ டோல்ட் அப்பா வாட் டு டைப்” என்கிறாள். குழந்தை சொல்வது சரி. சாய்ராம், அப்பா மேலே வந்து சேர்ந்துட்டார் என்றுதான் போட இருந்தான். மலையேறிட்டார்னு போடு, அதுதான் நல்ல தமிழ் என்று சொன்னவன் நான். இன்னொரு அர்த்தம் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே நம் ஊரில் ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், நீங்கள் வரவில்லை. இதற்காவது பேசுகிறீர்களா பார்க்கலாம் என்று தோன்றிற்று. எழுதத் தொடங்கியாயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பெண்ணுக்குத் தாய்மாமன் நான், என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்ற கோபத்தில் அப்படிச் சொன்னேன். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது, அத்திம்பேர். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.