மூன்று அறையா, நான்கு அறையா?

புதிதாக ஓர் உயிரினத்தை உண்டாக்க இயற்கைக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடிக்கின்றன. எங்கள் நிலவியல் ஆய்வகத்துக்கு ஒரு கூட்டமும் இரண்டு தட்டு பிஸ்கட்டும் போதும். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையே பெருமையாக அமைந்துவிட்டால் நான் என்ன செய்வது?

நான் அங்கே துணை இயக்குநர். படித்தது வணிகவியல். இயக்குநர் என் அக்காவின் கணவர் என்பதும், எனக்கு வேலை கிடைத்தது என்பதும் தனித்தனிச் சம்பவங்கள். வீட்டில் அவர் ‘அத்தான்’, ஆபீசில் ‘சார்’. இந்த வகைப்பாட்டில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

அப்போது ஊரில் குடிநீர்ப் பஞ்சம். ஊருக்கு வெளியே ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்த என்ஜினியர், அடியிலிருந்து வந்த சேற்றை டப்பாவில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். அதைக் கழுவிச் சலித்தால் மணல் பருமனில், நத்தை போல் சுருண்டு அறை அறையாகப் பிரிந்த சுண்ணாம்புக் கூடுகள் கிடைத்தன. ஃபோராமினிஃபெரா என்று பெயர். எப்போதோ கடலில் மிதந்து திரிந்த ஒற்றைச் செல் உயிர்கள், செத்து அடியில் படிந்து கல்லானவை. எந்த இனம் என்று தெரிந்தால் மண் அடுக்கின் வயது தெரியும். வயது தெரிந்தால், தண்ணீர் தரும் மணல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

சொல்வதற்கு எங்களிடம் ஒருவர் இருந்தார். டாக்டரம்மா என்போம். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. ஊசிமுனையில் நிற்பதைப் படிக்கிற டாக்டர்.

“இது பழைய ஆளுதான் சார்,” என்றார் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி. “கடைசிச் சுத்துல நாலு அறை இருக்கணும். இதுல ஒண்ணு உடைஞ்சு மூணுதான் இருக்கு. ஒட்டியிருந்த தழும்புகூடத் தெரியுது. இது வந்துட்டா மணலைத் தாண்டிக் கீழ போயிட்டோம்னு அர்த்தம். தோண்டறத உடனே நிறுத்தச் சொல்லணும்.”

இயக்குநர் ஓய்வு பெறப்போகிறவர். தன் பெயரில் ஓர் உயிரினமாவது இருக்க வேண்டும் என்ற எளிய ஆசை தவிர வேறு ஆசை இல்லாதவர்.

“உடைஞ்சத நீங்க பாத்தீங்களாம்மா?”

“அது உடைஞ்சு பல லட்சம் வருஷம் ஆச்சு சார்.”

“அப்ப சாட்சி இல்ல. மூணு அறை. புது இனம்.”

அறிவியலில் தனிமனித விருப்பத்துக்கு இடமில்லை என்பதால் ‘வகைப்பாட்டு உயர்நிலைக் குழு’ கூடியது. முதலில் கணக்கு அதிகாரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

“கறுப்பா, வளைவா, நீள நீளமாத் தெரியுது சார்.”

“அது உங்க கண்ணிமை மயிர்,” என்றார் டாக்டரம்மா.

‘மாற்றுக் கருத்து’ பதிவு செய்யப்பட்டது. பிறகு, அறைகள் மூன்றே எனக் கை தூக்கி முடிவாயிற்று. விடாக்கண்டரான டாக்டரம்மா ஒரு தட்டை நீட்டினார். அதே சேற்றில் கிடைத்த மற்றக் கூடுகள். ஒவ்வொன்றிலும் முழுசாக நான்கு அறை. இயக்குநர் துள்ளி எழுந்தார்.

“ஆகா! அப்ப இது இன்னொரு புது இனம்! மச்சான், இதுக்கு உங்க அக்கா பேரை வெச்சுடலாம்!”

“சார், அதுக்கு ஏற்கெனவே பேர் இருக்கு!”

“மனுஷங்க பேரை மாத்திக்கறதில்லையாம்மா?”

வெளியே நடையில் என்ஜினியர் காத்திருந்தார். “சார், நிறுத்தணுமா, தோண்டணுமா?”

“நீங்க கொண்டுவந்தது உலகத்துல யாருமே பாக்காத இனம். அதனால வயசு தெரியாது,” என்றார் வெளியே வந்த இயக்குநர்.

“அப்ப நாங்க என்ன பண்றது?”

“வயசு தெரியற வரைக்கும் தோண்டுங்க.”

டாக்டரம்மா என்ஜினியர் பின்னாலேயே ஓடினார். “அதெல்லாம் கேக்காதீங்க. நிறுத்திட்டு மேல இருக்கிற மணல்ல, தண்ணி மட்டும் உள்ள வர்ற சல்லடைக் குழாயை இறக்குங்க.”

“நீங்க சொல்றதுதான் சரின்னு படுது மேடம். சீல் போட்டுக் குடுங்க, இன்னைக்கே நிறுத்திடறேன்.”

சீல் என் மேஜையில் இருந்தது. டாக்டரம்மா என் முன்னால் வந்து நின்றார். நான் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். சீலில் மை காய்ந்துவிட்டதாக அறிவித்தேன்.

“உங்க வீட்டுலயும் தண்ணி வரலதானே சார்?” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

“வரல. அதுக்கும் சீலுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவர் சீல் விழாத தாளை மடித்துக்கொண்டு போனார். எனக்கு ஏனோ அன்று சாப்பாடு இறங்கவில்லை, அஜீரணமாக இருக்கும்.

புது இனத்தைப் படமெடுக்கப் புகைப்படக்காரர்கள் வந்த நாளில், இயக்குநர் ஈரத் தூரிகையால் அந்த மூன்றறைக் கூட்டைத் தாமே எடுத்துக் காட்டினார். எடுத்த வேகத்தில் இன்னோர் அறை உதிர்ந்தது. மிச்சம் இரண்டு. கணக்கு அதிகாரிதான் நிலைமையைக் காப்பாற்றினார்.

“சார், வாழ்த்துகள்! மூணாவது இனம்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டரம்மா மட்டும் சிரித்துவிட்டார். அந்தக் குற்றத்துக்காக அவரது அறையும் போயிற்று; மாடிப்படிக்கு அடியில் ஒரு நாற்காலி ஒதுக்கினோம். அவர் அதில் உட்காரவே இல்லை. ராஜினாமாவை நீட்டிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்.

அங்கேயும் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றைப் பார்த்தார், “போதும், நிறுத்துங்க” என்றார், மேலே உள்ள மணலில் குழாயை இறக்கச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இப்போது எங்கள் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகிறது. அக்கா என்னையும் அனுப்புகிறாள். வரிசையில் டாக்டரம்மா எதிர்ப்பட்டால் குடத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன். “தள்ளி நில்லுங்க சார், சிந்துது,” என்பார், வேறொன்றும் கேட்கமாட்டார்.

எங்கள் ஆய்வு மேலோட்டமானது என்று சில பொறாமைக்காரர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் ஒருமுறை ஊருக்கு வெளியே வந்து அந்தத் துளையை எட்டிப் பார்க்கட்டும். எங்கள் ஆய்வைவிட ஆழமானது உலகத்தில் உண்டா? இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.