ஊதக்கூடாத எஞ்சின்

கையில் காசு இல்லாத மாப்பிள்ளைக்குக் கலையார்வம் வரக்கூடாது. எனக்கு வந்தது. அதுவும் கல்யாணமான முதல் வருடத்திலேயே வந்தது.

என் மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்பார். "எப்ப வந்தீங்க மாப்ளே? எப்ப கெளம்புதீங்க?" (சிக்னல் கம்பத்திடம்கூட இதைவிடக் கூடுதலாகப் பேசியிருப்பார்.) எப்படியாவது அவரை மூன்றாவது கேள்வி கேட்க வைத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் லட்சியம்.

அதற்கான வாய்ப்பு கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் பரிசளித்த மாடல் எஞ்சின். தகர உடம்பு, பச்சை நிறம். "நான் ஓட்டுனது செவப்பு வண்டி. இவனுவ பச்சையைக் குடுத்துட்டானுவ" என்று அவர் குறைப்பட்டுக்கொள்வதாக என் மனைவி செல்வி சொல்லியிருந்தாள். அந்தப் பங்குனியில் அதே நண்பர்கள் விருந்துக்கு வருவதாக இருந்தது. செல்வியிடம் மட்டும் சொல்லிவிட்டு எஞ்சினை மாடிக்குக் கடத்தினேன்.

மாடலுக்கென்றே விற்கும் பெயிண்டின் விலையைக் கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டேன். விளாத்திகுளத்துச் சின்ன மாமனார் வீட்டில், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த சிவப்பு பெயிண்ட் டப்பாவின் அடியில் மிச்சம் இருந்தது. காளைக்குப் பொருந்தியது எஞ்சினுக்குப் பொருந்தாதா? மாமனாரின் ஹேர் டை பிரஷ்ஷை எடுத்து அடித்து முடித்தேன்.

ஈர பெயிண்டில் கரிசல் புழுதி ஒட்டிவிடுமே என்று மாடியில் கிடந்த ஒரு சாக்கை எடுத்துக் கூடாரம் போல மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் மேலெல்லாம் சன்னமான செந்தூள் படிந்து, அசல் இரும்பு போலச் சொரசொரவென்று இருந்தது. தானாக அமைந்த கலைநயம் என்று துடைக்காமலே விட்டேன். (எனக்கு அப்போது ஜலதோஷம். மூக்கு வேலை செய்யவில்லை.)

விருந்தன்று எல்லார் முன்னிலையிலும் எஞ்சினை மாமனார் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தருகே தூக்கினார். தூசியைக் கண்டதும் "ப்பூ" என்று ஊதினார்.

கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழுதுட்டாம்லே நம்ம ஆளு" என்றார் நண்பர்களில் மூத்தவர், தன் கண்ணையும் துடைத்தபடி. "மாப்ளைன்னா இப்படில்லா இருக்கணும்."

நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். ஒருவர் ஃபோட்டோ எடுத்தார். எடுத்தவர் தும்மினார். பிறகு மூத்தவர் தும்மினார். ஃபேனும் தன் பங்குக்குச் சுற்ற, கூடமே தும்மியது.

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏட்டி செல்வி, மாடில கெடந்த மொளகா வத்தல் சாக்கை யாரு எடுத்தது?"

செல்வி என்னைப் பார்த்தாள். உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் பார்க்கவில்லை. பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஈரத்துண்டைக் கண்ணில் ஒற்றியபடி அவர் வந்தார். "பச்சைக்கு இது எவ்வளவோ தேவலை மாப்ளே" என்றார். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. (யாரும் நம்பவில்லை. வத்தல் என்றே நினைத்தார்கள்.)

எஞ்சின் இன்றும் அலமாரியில் சிவப்பாகவே நிற்கிறது. பக்கத்தில் மாமனார் அழும் ஃபோட்டோ. என் லட்சியமும் நிறைவேறிவிட்டது. இப்போதெல்லாம் நான் உள்ளே நுழைந்ததும் "எப்ப வந்தீங்க மாப்ளே? எப்ப கெளம்புதீங்க?" என்று கேட்டுவிட்டு, என் பையை ஒரு பார்வை பார்ப்பார்.

"சாக்கு எதுவும் கொண்டு வரலையே?"