போர் நிறுத்த ஒப்பந்தம்

"கப்பல் கால்வாய்த் தகராறெல்லாம் வேண்டாம், ஜெனிட்டா," என்றார் கைப்பேசித் திரையில் இருந்த மெஹ்ரீன் மேடம். "அதை நீங்க பார்த்ததும் இல்ல, அங்க இருக்கிறவங்க உங்களைப் பார்த்ததும் இல்ல. கண்ணு முன்னாடி இருக்கிற ஒரு தகராறை எடுங்க. ரெண்டு தரப்பையும் பேச வெச்சு, கேமரா முன்னாடி கை குலுக்க வைங்க. அதுதான் உங்க கடைசி புராஜெக்ட்."

ஜெனிட்டா மொட்டைமாடியில் நின்று தலையாட்டினாள். வீட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டு நிழல்தான்.

நாமக்கல்லில் ஒரு முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. மாலையில் ஆன்லைன் எம்.ஏ., அதிலும் சர்வதேச உறவுகள். பகலெல்லாம் அவள் காகிதம் தயாரித்து அனுப்பும் முட்டைகள் மஸ்கட்டுக்கும் மாலத்தீவுக்கும் போய்ச் சேர்ந்தன. அவள் மட்டும் சேந்தமங்கலம் ரோட்டைத் தாண்டவில்லை. படிப்பை முடித்தால் மஸ்கட் அலுவலகத்துக்கு அவள் பெயரைச் சொல்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதனால் அவள் அடிக்கடி கனவு கண்டாள். கண்ணை மூட வேண்டியதுகூட இல்லை. நீளமான மேஜை, ஆளுக்கொரு கண்ணாடித் தம்ளர், முன்னால் குட்டிக் கொடி. ஜன்னலுக்கு வெளியே ஏரி, ஏரிக்கு மேலே பனி. எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பார்கள். அவள் எந்த நாட்டின் பிரதிநிதி என்பது மட்டும் கனவில் தெளிவாவதே இல்லை. கொடியின் நடுவில் முட்டை வடிவத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கும்.

தூரத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கப்பல் புறப்படுகிறது என்று நினைத்துக்கொண்டே ஜெனிட்டா கீழே பார்த்தாள். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் மாமனார் அமிர்தசாமி முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மாதேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், பக்கத்து நாடு ஒண்ணு இருக்கு," என்றாள் ஜெனிட்டா. "பத்து வருஷத்துக்கு மேல பேச்சுவார்த்தையே கிடையாது."

"போருக்கு என்ன காரணம்?"

"போர்தாங்க மேடம்."

விஷயம் இதுதான். அமிர்தசாமி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். மாதேஸ்வரன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அமிர்தசாமி வீட்டில் போர் போட மாதேஸ்வரனே ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாதாளம் வரை போயும் புழுதிதான் வந்தது. பொறுமை இழந்த அமிர்தசாமி வெளியூர் ரிக் ஒன்றை வரவழைத்து, நாலடி தள்ளிப் போட்டார். தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பி மாதேஸ்வரனின் மாடியையும் நனைத்தது. அன்றோடு சரி.

அன்று மாலை கணவன் ஜெர்ரியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் டயர் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. நாளெல்லாம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் குறைவாகவே பேசுவான்.

"அவங்க பாட்டுக்குச் சண்டை போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க. உடு ஜெனி."

"சண்டை போட்டுட்டு யாராவது நிம்மதியா இருப்பாங்களா?"

"எங்கப்பா இருக்காரே."

ஜெனிட்டா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் ஏற்கனவே ஏரிக்கரையில் இருந்தாள்.

நம்பிக்கையை வளர்க்கும் நடவடிக்கைதான் முதல் படி என்று பாடத்தில் இருந்தது. மறுநாளே ஒரு தூக்குப் போசி நிறைய ஜவ்வரிசிப் பாயசத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"மாமா குடுத்து உட்டாருங்க," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். "ஏஞ்சாமி, உன்ற மாமனா குடுத்து உட்டான்? என்னன்னு சொல்லிக் குடுத்து உட்டான்?"

அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். திடுக்கிட்டவர் போலத்தான் இருந்தார். பனி உருகத் தொடங்கிவிட்டது என்று ஜெனிட்டா மனதில் குறித்துக்கொண்டாள். ஆனால் அவர் எழுந்து சுவரோரம் போய்க் குரலை உயர்த்தினார்.

"சக்கரை வியாதிக்காரன்னு தெரிஞ்சே பாயசம் குடுத்து உடறானுங்களே, இது என்ன நாயம்? ஆளையே முடிச்சுரலாம்னு பாக்கறானுங்களா?"

அமிர்தசாமி குழாயைக் கையில் பிடித்தபடியே வந்தார். ஒரு கணம் விழித்தார். பிறகு வானத்தைப் பார்த்துச் சொன்னார். "குடிக்கறதுன்னா குடிக்கச் சொல்லு. இல்லைன்னா அவன் தோண்டுன குழியில ஊத்தச் சொல்லு. அதுலயாவது கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்."

தெருவே சிரித்தது. இத்தனை வருடம் மௌனமாக இருந்த எல்லையில் அன்று முதல் தினமும் வசை பறந்தது.

ஜெனிட்டா தளரவில்லை. நேரடிப் பேச்சு நடக்காதபோது மறைமுக வழி ஒன்று எங்காவது திறந்திருக்கும் என்றது பாடம். திறந்துதான் இருந்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சுவர் ஒரு குடம் நுழையும் அளவு இடிந்திருந்தது. அதன் வழியாக மாமியார் ஞானமேரியும் மாதேஸ்வரனின் மனைவி சென்னியம்மாளும் இத்தனை காலமும் கறிவேப்பிலையும் குழம்பும் ஊர்க்கதையும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயசப் போசி கழுவித் துடைக்கப்பட்டு அந்த வழியாகத் திரும்பி வந்தபோதுதான் ஜெனிட்டாவுக்கே அது தெரிந்தது.

அவள் நெகிழ்ந்துபோனாள். சாப்பிட உட்கார்ந்த மாமனாரிடம் சொன்னாள். "மாமா, அத்தையும் அந்த அத்தையும் எவ்வளவு அன்னியோன்னியமா இருக்காங்க, தெரியுங்களா. அந்தச் சந்து வழியா நீங்களும் ரெண்டு வார்த்தை பேசலாமே." இதையே சுவருக்கு அந்தப் பக்கமும் போய்ச் சொன்னாள்.

இரண்டு ஆண்களுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. தெரியாதவரை சரி, தெரிந்த பிறகு சும்மா இருந்தால் சண்டைக்கு என்ன மரியாதை? மாதேஸ்வரன் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து சந்தை அடைத்தார். அது ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அமிர்தசாமி இந்தப் பக்கமிருந்து ஆணி அடித்தார். சுத்தியல் சத்தம் மாறி மாறி, கூட்டு வேலை பழகியவர்கள் போல, சீராகக் கேட்டது.

"உன்ற மருமவ வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாமல்லோ மேரியக்கா," என்று அந்தப் பக்கமிருந்து சென்னியம்மாள் சொன்னாள்.

"என்ற மருமவ மேல பழி போடாத. உன்ற ஊட்டுக்காரர்தான தகரம் கொண்டாந்தது," என்றாள் ஞானமேரி.

இரண்டு பெண்களுக்கும் நடுவில் அதுவரை ஒரு சொல் தடித்ததில்லை. இப்போது தடித்தது.

ஜெனிட்டா தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் பையைக்கூட வைக்காமல் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்தாள். "என்ற ரிக்குல கொறையில்லைன்னு தெரு முன்னால சொல்லச் சொல்லு," என்றார் மாதேஸ்வரன். "எடம் பாக்கத் தெரியலைன்னு அவனை ஒத்துக்கச் சொல்லு," என்றார் அமிர்தசாமி. ஒவ்வொரு நடைக்கும் நிபந்தனை ஒன்று கூடியது. மாடி நனைந்த கதை வந்தது. நனைந்த மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயின் கதை வந்தது. இருவரும் களைப்பதாகவே தெரியவில்லை. சமாதானம் பக்கத்தில் வருகிறது என்று ஜெனிட்டா நினைத்த நாளில் எல்லாம் யாராவது ஒருவர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார்.

ஒரு மாலை, தொட்டி நிழலில் நின்றுகொண்டு அவள் மறுபடி ஏரியைப் பார்க்க முயன்றாள். வெயில் இறங்கி, கொல்லிமலை நீலமாகத் தெரிந்தது. மேஜை வந்தது, தம்ளர்கள் வந்தன. நாற்காலிகளில்தான் யாரும் இல்லை. கீழே ஞானமேரி துவைக்கிற கல்லின் மேல் தனியாக உட்கார்ந்து, தகரத்தைப் பார்த்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச ஆளில்லாததால் ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்ந்தாள்.

ஜெனிட்டா கைப்பேசியை எடுத்தாள். மெஹ்ரீன் மேடத்தை அழைத்தாள்.

"எனக்கு இந்தப் படிப்பு வேண்டாங்க மேடம். நல்லா இருந்த ரெண்டு பேரைப் பிரிச்சுட்டேன்."

"அப்போ அவங்க ரெண்டு பேரையும் முதல்ல சேர்த்து வைங்க," என்றார் மேடம். "அதுக்கு நான் மார்க் போட மாட்டேன். போட்டாலும் போடாட்டாலும் நீங்க செய்ய வேண்டியது அதுதான்."

ஜெனிட்டா உடனே இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பாடத்தில் இருந்த எதையும் சொல்லவில்லை. "அத்தை, தப்பு என் மேலதான். மார்க்குக்காகத்தான் இத்தனையும் பண்ணுனேன். எங்கத்தை உங்க பேச்சில்லாம வாடிப்போய் உக்காந்திருக்காங்க," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சென்னியம்மாள் அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். "அழுவாத சாமி. நானுந்தான் ரெண்டு நாளா சோத்துல கைய வெக்கல," என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வாசல் வழியாகவே ஞானமேரியிடம் போனாள். இத்தனை வருடத்தில் வாசல் வழியாக வருவது அதுதான் முதல் தடவை. இரு பெண்களும் கல்லின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். எழுந்தபோது இருவர் முகத்திலும் ஒரே முடிவு இருந்தது.

"இந்தக் கெரகத்துக்கு இன்னியோட ஒரு முடிவு கட்டியாகோணும்," என்றாள் ஞானமேரி. "கை குடுக்கற வரைக்கும் ரெண்டு ஊட்டுலயும் அடுப்பு எரியாது."

உச்சி மாநாடு மறுநாள் மாலையே நடந்தது. சாப்பாட்டு மேஜையில் ஜெனிட்டா ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். அமிர்தசாமியும் மாதேஸ்வரனும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள் போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரிக்கில் குறையில்லை என்றார் அமிர்தசாமி. தான் பார்த்த இடம்தான் தப்பு என்றார் மாதேஸ்வரன். மிளகாய்க்கு வருத்தம் தெரிவிக்கப்பட்டது. பசி இருவரையும் நன்றாகவே பக்குவப்படுத்தியிருந்தது.

கடைசி அம்சத்தைச் சென்னியம்மாள் சொன்னாள். "இனிமேலு ஞாயித்துக்கெழமை மத்தியானமானா ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து சாப்படோணும். ஒரு வாரம் எங்க ஊடு, ஒரு வாரம் இந்த ஊடு."

"ஞாயித்துக்கெழமை ஆகாதுங்க," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ஏனுங்க?" என்றாள் ஞானமேரி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள். அம்சம் நிறைவேறியது. ஜெர்ரி கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, இருவரும் கை குலுக்கினார்கள். ஜெனிட்டாவுக்கு அந்தக் கணம் காதில் எங்கோ கைதட்டல் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே முருங்கைப் பூ உதிர்ந்தது. அவளுக்கு அது பனிதான்.

மெஹ்ரீன் மேடம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கொடுத்தார். மேனேஜர் சொன்னபடி மஸ்கட்டுக்குப் பெயரை அனுப்பினார். தகரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கதவே வைத்தாயிற்று. ஞாயிறுதோறும் இரண்டு பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். இரண்டு ஆண்களுக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு என்பதால் எண்ணெய் இல்லாத பொரியல், உப்பு குறைந்த ரசம், தோல் நீக்கிய கோழியில் ஆளுக்கு ஒரு துண்டு. ஒருத்தி பரிமாற, ஒருத்தி கண்காணித்தாள். இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் அருகருகே உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். டாக்டர் சர்க்கரை நன்றாகக் குறைந்திருப்பதாகப் பாராட்டியபோதும் அமிர்தசாமி சிரிக்கவில்லை.

சமாதானம் என்பது கொஞ்சம் கனமான விஷயம்தான், பழக நாளாகும் என்று ஜெனிட்டா நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மோகனூரில் ஜெர்ரியின் நண்பன் வீட்டுப் புதுமனை புகுவிழா. ஜெர்ரியின் பைக் சர்வீஸுக்குப் போயிருந்ததால் அப்பாவின் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது ஜெனிட்டா காவிரியைப் பார்க்க வேண்டும் என்றாள். மணலைத் தாண்டி நீர் வெள்ளித் தகடு போல விரிந்து கிடந்தது. அக்கரை எந்த நாடாகவும் இருக்கலாம். கரையில் ஒரு வேப்பமரத்தடியில் மீன் வறுக்கும் வாசம் வந்தது. வண்டியை அங்கே நிறுத்தினார்கள்.

மீனைத் திருப்பிக்கொண்டிருந்த கடைக்காரர் சின்னான், கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"இது அமிர்தசாமி அண்ணன் வண்டியாச்சுங்களே. நீங்க?"

"அவர் பையனுங்க. இவங்க என் சம்சாரம்," என்றான் ஜெர்ரி. "அப்பாவைத் தெரியுங்களா?"

"தெரியுங்களாவா? பத்து வருசமா ஞாயித்துக்கெழமை தவறாம இதே வண்டியில அவரும் மாதேஸ் அண்ணனும் ஒண்ணா வந்து, ஆத்துல குளிச்சு, ஆளுக்கு ஒரு தட்டு மீனத் தின்னுபோட்டு, பொழுது சாயற வரைக்கும் சிரிச்சுப் பேசிட்டுத்தான் போவாங்க," என்றார் சின்னான். எண்ணெயில் இன்னொரு துண்டை மெதுவாக இறக்கினார். "எந்த மவராசியோ நடுவுல பூந்து ரெண்டு பேரையும் ராசி பண்ணி உட்டுட்டாளாமுங்க, அதோட அவங்க சிநேகிதமே போச்சு."