ஒரு நாளைக்கு ஐந்து தாக்குதல்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொண்டது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். அளவுக்கு மீறிய சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்; பொறுமையாகப் படி, வலது தோளைத் தூக்க முடியாமல் எழுதுகிறேன்.

"அக்காவைத் தற்காப்பு வகுப்புல சேர்த்துவிடுங்க அத்தான்" என்று போனில் சொன்னது யார்? நீதானே? பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், உண்மை. அதன்பிறகு நாலு மாதம் அவள் தனியாகப் படி இறங்கவில்லை, அதுவும் உண்மை. மருந்துக்கடை எங்கள் கட்டடத்தின் கீழேயே இருக்கிறது. அதற்குக்கூட நான்தான் துணைக்குப் போனேன். ஒரு வார்த்தை முனகியிருப்பேனா? அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கும் பொறுக்கவில்லை. அதற்காக, பிடுங்கினவன் எங்கேயோ சுகமாக இருக்க, நான் தினமும் தரையில் கிடப்பது என்ன நியாயம்?

வகுப்பென்றால் அங்கேயே சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பயிற்சியாளர் அம்மாவின் முறையே வேறு. என் தோள் உயரம்கூட இல்லை, ஆனால் குரல் மூன்று தெரு தாண்டும். "உங்களைப் பிடிக்கிறவன் பெரும்பாலும் தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பான். தெரிஞ்சவனை அடிக்கத்தான் நமக்குக் கை வராது. அதனால வீட்டு ஆளை வச்சுப் பழகுங்க" என்பது அவர் சித்தாந்தம். வீட்டுப்பாடம் என்னவென்று கேள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், நான் உன் அக்காவைத் தாக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு. நேரம், பிடித்த இடம், விழுந்தவர் யார் என்று எழுத வேண்டும். விழுந்தவர் என்ற கட்டத்தில் இதுவரை ஒரே பெயர்தான்.

எடை அளவை ஆய்வாளராக முப்பத்தோரு வருஷம் இருந்தவன் நான். நான் தெருமுனையில் தலை காட்டினால் கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள். அப்பேர்ப்பட்டவனைப் பற்றி அந்த நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: "கணவர்: பிடி தளர்வு. முனைப்பு போதாது." ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மார்க் போட ஒரு ஆளா!

சரி, கட்டுப்பட்டுத்தான் தொலைவோம் என்று தாக்கினேன். நான் மறந்துபோனாலும் அவள் விடுவதில்லை. பேப்பர் படிக்கும்போது வந்து நின்று, "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. எப்போ பிடிக்கப் போறீங்க?" என்கிறாள். இது முன்னறிவிப்பு இல்லாத தாக்குதலா? சரி என்று எழுந்து, அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் மணிக்கட்டைப் பிடித்தேன். என் கட்டைவிரல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் கையைத் திருகி உருவினாள், குதிகாலால் என் பாதத்தை மிதித்தாள், முழங்கையை விலாவில் இறக்கினாள். நான் துணிக்கூடைக்குள் உட்கார்ந்துவிட்டேன். அடித்தது போகட்டும். அடித்தவள் நின்று, "ஐயோ, வலிக்குதா?" என்று கேட்க வேண்டாமா? கேட்கக் கூடாதாம். ஜெயிப்பது நோக்கம் இல்லையாம். தப்பித்து, வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்துக்கு ஓடுவதுதான் பாடமாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். போனவள் மருந்துக்கடைக்காரர் மனைவியோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தாள். அதுவரை நான் கூடைக்குள்!

இன்னொன்று கேள். பிடியை விடச் சொல்ல வேண்டுமானால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். "விடு, வலிக்குது" என்று வாயால் சொன்னால் செல்லாது. எதிராளி பொய் சொல்லுவானாம். செவ்வாய்க்கிழமை நான் ஒரு கையில் முப்பது முட்டை உள்ள அட்டையோடு நின்றபடியே மூன்றாவது தாக்குதலை முடித்துவிடலாம் என்று மறு கையால் அவள் தோளைத் தொட்டேன். அந்தக் கை முதுகுப்புறம் போய்விட்டது. நான் எந்தக் கையால் தட்டுவது? "விடும்மா, முட்டை, முட்டை" என்று கத்துகிறேன். "தட்டுங்க" என்கிறாள். தட்டினேன். பதினேழு தேறியது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அடிக்கு முன்னால் குரல் வர வேண்டுமாம். முப்பத்து நான்கு வருஷத்தில் பால்காரரைக்கூட அதட்டாத உன் அக்கா, புதன்கிழமை நான் தொட்டதும் "தள்ளிப் போ! என்னைத் தொடாதே!" என்று போட்ட சத்தத்தில் மேல்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் குடையை ஓங்கிக்கொண்டு வந்தார், பின்னால் அவர் மனைவி. "வீட்டுப்பாடம்தான் சார்" என்று இவள் சிரித்துச் சொல்லியும் அந்த அம்மா நம்பவில்லை. இப்போது நான் லிஃப்டில் ஏறினால் அந்த அம்மா இறங்கிப் படியில் போகிறார். இந்த வயதில் எனக்கு இந்தப் பேர் தேவையா?

நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று வகுப்புக்கே போனேன். வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் அம்மா, "வாங்க சார், நல்ல நேரத்துல வந்தீங்க, இப்படி மெத்தை மேல நில்லுங்க" என்றார். பன்னிரண்டு பெண்கள். வரிசையில் நின்றார்கள். நான் கொண்டுபோன புகார் இன்னும் சட்டைப்பையிலேயே இருக்கிறது, நாலாக மடித்தது எட்டாகிவிட்டது.

வருகிற ஞாயிறு தேர்வு. பஞ்சு அடைத்த கவச உடுப்பு மாட்டிக்கொண்டு வீட்டு ஆள் முழு பலத்தோடு தாக்க வேண்டுமாம். என்னால் முடியாது. ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். ஆரம்பித்து வைத்தவன் நீ. நீயே வந்து அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு விழு. இல்லையா, இன்றைக்கே உன் அக்காவுக்குப் போன் போட்டு வகுப்பை நிறுத்தச் சொல். இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்.

உன் மனைவிக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகளுக்கு ஆசிகள், கையைத் தூக்கி ஆசீர்வதிக்க முடியாததால் எழுத்தால் மட்டும்.

இப்படிக்கு,
விலாவைப் பிடித்தபடி,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். சண்டை வரும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன். "சரி, தம்பியே வரட்டும்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "ஒண்ணு சொல்லணும். வகுப்புல வேற யாரு மணிக்கட்டைப் பிடிச்சாலும் அன்னைக்கு மாதிரியே கை மரத்துப்போயிடுது. நீங்க பிடிச்சாத்தான் அடுத்தது என்ன செய்யணும்னு ஞாபகம் வருது. உங்களை வச்சுத்தானே மருந்துக்கடை வரைக்கும் தனியா ஓடிப் பழகினேன்?" என்றாள். தள்ளிய நாற்காலியை மறுபடி மேஜையருகே இழுத்துக்கொண்டேன்.

ஆகவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உடுப்பு எனக்குத்தான். பிடி தளர்வு என்று இந்தத் தடவை எவரும் எழுத முடியாது. நீ பார்க்க வந்தால் கடைசி வரிசையில் உட்கார். நான் விழுந்ததும் பதறி ஓடி வந்து தூக்காதே. அவள் வாசல்வரை ஓடி முடிக்கட்டும்.