மனித உரிமைகளைக் காணவில்லை

மனித உரிமைகள் காணாமல் போன விஷயம் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத்தான் தெரியவந்தது. எட்டு மணிக்கு ஆசிரியர் அறைச் சுவரில் சாய்த்து வைத்தது சத்தியம். முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் சுவர் மட்டும் இருந்தது.

இஸ்லாம் பாட ஆசிரியர் அந்தச் சுவரையே ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

சாதாரண சார்ட் இல்லை அது. அவர் மனைவி மூன்று நாள் சமையலைக்கூட இரண்டாம்பட்சமாக்கிவிட்டு, கெட்டி அட்டையில் வரைந்தது. நடுவில் மூன்று பெரிய வட்டங்கள்: உயிர், உடைமை, மானம். மூன்றும் புனிதம் என்று மேலே பச்சை எழுத்து. கீழே கிளை கிளையாக மற்ற உரிமைகள். அளவு என்று பார்த்தால் ஒரு கதவுக்கு அரையங்குலம் குறைவு. பேருந்தில் ஏற்றியபோது கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கிழித்தார். தூசி படக்கூடாதென்று படம் போட்ட பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, வெள்ளை முதுகு வெளியே தெரிய வைத்திருந்தார். அதுதான் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு எட்டாம் வகுப்பில் மாதிரிப் பாடம். ஆய்வு அதிகாரி உட்கார்ந்து பார்ப்பார். அவர் பேனா நல்லபடியாக அசைந்தால் வேலை நிரந்தரம். ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியர். அந்தத் தற்காலிகத்திலேயே அவருடைய முன்தலை முடி நிரந்தரமாக ஓய்வு பெற்றுவிட்டது.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"என்னங்க, சார்ட்டை மாட்டியாச்சா?"

"அது வந்து... நான் அதை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேனா?"

"நல்லா இருக்கே! கட்டிப்பிடிச்சுத் தூக்கிட்டுப் போனீங்க. கல்யாணத்தன்னைக்கு என் கையைக்கூட அவ்வளவு பத்திரமாப் பிடிக்கலை."

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கற குரலா இது? தொலைச்சுட்டீங்களா?"

"சிக்னல் இல்லை" என்று சொல்லி வைத்தார். அதன் பிறகு சட்டைப்பையில் போன் வண்டு மாதிரி குமுறிக்கொண்டே இருந்தது.

குப்பைத் தொட்டிகள் நான்கையும் கவிழ்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். நூலக அலமாரிக்கு மேலே ஏறி, இறங்க வழி தெரியாமல் இரண்டு நிமிடம் அங்கேயே வாழ்ந்தார். திடலைக் குறுக்கே கடந்து ஓடினார். வெயிலில் ஒரு கறுப்புக் கார், முன் கண்ணாடிக்கு வெள்ளையாக மறைப்பு போட்டுக்கொண்டு சுகமாக நின்றது. காருக்கு இருக்கிற நிம்மதி மனுஷனுக்கு இல்லையே என்று பெருமூச்சு விட்டபடி சைக்கிள் கொட்டகைக்குப் போனார். அங்கே ஒரு பூனை மட்டும் இருந்தது. அதற்கும் எதுவும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது தலைமையாசிரியை மறித்தார்.

"சார், அதிகாரி எட்டு மணிக்கே வந்துட்டார். ஸ்டாஃப் ரூம்லாம் சுத்திப் பார்த்துட்டு இப்ப என் ரூம்ல டீ சாப்பிடறார். எல்லாம் ரெடிதானே?"

"ரெடி மேடம்."

"சார்ட்?"

"பிரமாதம் மேடம்."

எட்டரைக்கு மணி அடித்தது. வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் கண் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போயிற்று. அங்கேதான் இருந்தான் 'வால்'. அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். போன வாரம் அறிவியல் கண்காட்சி அட்டையை மூன்றாக வெட்டி ஸ்டம்பு செய்து, அதில் இரண்டு விக்கெட்டும் எடுத்தவன்.

"டேய் வால்! எழுந்திரு. எங்கடா சார்ட்?"

"எந்த சார்ட் சார்?"

"மனித உரிமை சார்ட்! மரியாதையாக் குடுத்துடு. இல்லேன்னா தோலை உரிச்சுடுவேன்!"

முன் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. வகுப்புத் தலைவி. வட்டக் கண்ணாடி, மடியில் பாடப்புத்தகம், புத்தகத்தில் ஆட்டுக்கு இலை வைத்தது போல் நாற்பது அடையாளச் சீட்டு. அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"சார், ஒரு சந்தேகம்."

"அப்புறம் கேளும்மா."

"சந்தேகப்படறதைப் பத்திதான் சார். சந்தேகங்கள்ல பெரும்பாலானதைத் தவிர்த்துக்குங்க, சில சந்தேகம் பாவம்னு குர்ஆன் சொல்லுதுன்னு நேத்து நீங்கதான் எழுதிப்போட்டீங்க. அடிக்கோடு வேற போட்டீங்க."

"அது... பொதுவாச் சொன்னது."

"அதுக்கு முந்தின வசனத்துல, ஒருத்தரை ஒருத்தர் மோசமான பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடாதீங்கன்னும் இருக்கு சார்."

"உன்னையுந்தான் வக்கீல்னு கூப்பிடறேன்!"

"எனக்கு அது பிடிச்சிருக்கு சார். அவனுக்கு வால் பிடிக்கலை. அவன் ஸ்டம்பு செஞ்சப்பவும் இப்படித்தான் கூப்பிட்டீங்க, ஸ்டம்பு செய்யாதப்பவும் இப்படித்தான் கூப்பிடறீங்க."

கடைசி பெஞ்சில் முன்னாள் வால் தலையைக் குனிந்துகொண்டான்.

வாதாட நேரமில்லை. இருபத்து நான்கு நிமிடம்தான் பாக்கி. ஆசிரியர் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சரி, யாரையும் தனியாச் சந்தேகப்படலை. எல்லாரையும் சமமாச் சந்தேகப்படறேன். பையை மேசை மேல வைங்க!"

முதல் பையில் பாதி தின்ற ரொட்டி. இரண்டாவதில் ஒற்றைச் செருப்பு. ஏன் ஒற்றை என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. மூன்றாவது பை, வகுப்பிலேயே வாய் திறக்காத பெண்ணுடையது. அதில் ஒரு நோட்டு. பிரித்தார். பக்கம் பக்கமாக ஆமைப் படங்கள். எல்லா ஆமைக்கும் வழுக்கை. எல்லா ஆமையும் கையில் சாக்பீஸ் வைத்திருந்தன.

எட்டிப் பார்த்த பக்கத்து பெஞ்ச் 'கொல்' என்று சிரித்தது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"சார்" என்றாள் வக்கீல், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. "அடுத்தவங்க மறைச்சு வெச்சிருக்கிறதைத் துருவித் துருவிப் பார்க்கக் கூடாது. அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதுன்னாலும் அனுமதி கேக்கணும், ஸலாம் சொல்லணும். பையும் ஒரு சின்ன வீடு மாதிரிதானே சார்?"

"நான் சார்ட்டைத் தேடறேன்மா!"

"கதவு அளவு சார்ட் பைக்குள்ள எப்படி சார் போகும்?"

ஆசிரியர் தன் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அளவு புரிந்தது. புரிந்த கோபத்தில் இன்னும் பெரிய தப்பாக ஒன்று செய்தார்.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க! யார் எடுத்ததுன்னு தெரியற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது. இன்னைக்கு விளையாட்டு வகுப்பும் கிடையாது!"

முப்பத்தெட்டு பெஞ்ச்வாசிகளும் எழுந்தார்கள். நின்றபடியே கையை உயர்த்தினாள் வக்கீல்.

"எனக்குத் தெரியும்மா!" என்று கத்தினார் அவர். "ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் சுமக்க மாட்டார்! அந்த வசனத்தை நான்தான் நடத்தினேன்!"

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க. தேங்க்ஸ் சார்."

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், நான்தான் எடுத்தேன்னு வெச்சுக்குங்க. எல்லாரும் உக்காரட்டும். அவளுக்குக் கால்ல அடிபட்டிருக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது." அழுதுகொண்டிருந்த ஆமைக்காரியைக் காட்டினான் முன்னாள் வால்.

"அப்ப நீதானா எடுத்தே?"

"இல்லை சார். ஆனா வெச்சுக்குங்க."

"செல்லாது சார்" என்றாள் வக்கீல். "கட்டாயப்படுத்தி வாங்கின வாக்குமூலம் செல்லாது. ஒருத்தர்மேல குற்றம் சொன்னா, சொன்னவர்தான் ஆதாரம் காட்டணும்."

"இது எங்கே இருக்கு?"

"பக்கம் அறுபத்து நாலு சார். இன்னைக்கு ஒன்பது மணிக்கு நீங்க நடத்தப்போறது."

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா விழுந்தாரா என்பதில் வகுப்புக்குள் இன்றுவரை இரண்டு கட்சி. சட்டைப்பையில் வண்டு மறுபடி குமுறி அடங்கியது. அரை மணி நேரத்தில் அவர் அந்த சார்ட்டின் ஒவ்வொரு கிளையாக ஒடித்துப்போட்டிருந்தார். மானம் என்ற வட்டத்தில் இரண்டு பிள்ளைகளைத் தலைகுனிய வைத்திருந்தார். அதுவும் தன் உடைமைக்காக.

"உக்காருங்க எல்லாரும்" என்றார். "விளையாட்டு வகுப்பு உண்டு."

எழுந்து போய் நோட்டை மூடி அந்தப் பெண்ணின் பையிலேயே வைத்தார். "கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சுடும்மா. ஆமை நல்லா வந்திருக்கு. காது மட்டும் என்னோடதைவிடச் சின்னதா இருக்கு."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனார். "தம்பி, உங்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். உன்னை என்னன்னு கூப்பிடட்டும்?"

"என் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க சார். ரொம்ப நாளாச்சு யாரும் கூப்பிட்டு."

ஆசிரியர் அவன் தோளில் கை வைத்து அந்தப் பெயரைச் சொன்னார். காதோரம் குனிந்து சொன்னதால் அவனைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

பட் பட் பட் என்று கைதட்டல்.

பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஆய்வு அதிகாரி நின்றிருந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை, முகம் சுண்ணாம்பு அடித்தது போல்.

"அற்புதம்!" என்றபடி உள்ளே வந்தார் அதிகாரி. "அரை மணி நேரமா ஜன்னல்ல நின்னு ஒட்டுக்கேட்டுக்கிட்டிருக்கேன். என்ன நாடகம்! ஒவ்வொரு உரிமையையும் மீறிக் காட்டி, பிள்ளைங்க வாயாலயே பாடத்தை வரவழைச்சுட்டீங்களே! அந்தக் கண்ணீர்கூட நிஜம் மாதிரியே இருந்துது. எத்தனை நாள் ஒத்திகை?"

"ஒட்டுக்கேக்கறதும்..." என்று ஆரம்பித்தாள் வக்கீல். ஆசிரியர் அவளை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சல் என்றால் அப்படி ஒரு கெஞ்சல். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதிகாரி மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். தயாரிப்பு, மிக நன்று. மாணவர் பங்கேற்பு, மிக நன்று. பேனா பந்தயக் குதிரை மாதிரி பாய்ந்தது. ஒன்பது கட்டங்கள் நிறைந்தன. பத்தாவதில் நின்றது.

"கற்பித்தல் உபகரணம். சார்ட் எங்கே?"

"காணோம் சார்."

"அது நாடகத்துல. நிஜமா எங்கே?"

"நிஜமாவே காணோம் சார்."

அதிகாரியின் சிரிப்பு மெல்ல இறங்கிப் போயிற்று. "விதின்னு ஒண்ணு இருக்கு. பத்தாவது கட்டம் காலியா இருந்தா நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்க முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"சார், காலையில கொண்டுவந்தேன் சார். மூணு பெரிய வட்டம் போட்டது. என் மனைவி..."

"கொண்டுவந்ததுக்கு ஆதாரம் இருக்கா? சொல்றவர்தான் ஆதாரம் காட்டணும். உங்க வகுப்புத் தலைவியே சொன்னாங்களே."

முப்பத்தேழு தலைகள் வக்கீலைப் பார்த்துத் திரும்பின. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பக்க எண் கிடைக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் எழுந்தான்.

"எங்க சார் கொண்டுவந்தேன்னு சொன்னா கொண்டுவந்திருப்பார் சார்."

"ஆதாரம் தம்பி, ஆதாரம்" என்றார் அதிகாரி கனிவாக. பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்க. உடைமை புனிதம்னு சொல்லிக்குடுக்கறவர் முதல்ல தன் உடைமையைப் பத்திரமா வெச்சுக்கணும். அடுத்தவங்க பொருள்மேல ஒரு பயம், ஒரு கூச்சம் வேணும். அது இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு, சொல்லுங்க?"

'பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுத, பேனாவின் முனை காகிதத்தைத் தொட்டது.

வாசலில் "அஸ்ஸலாமு அலைக்கும், உள்ளே வரலாமா?" என்று குரல். மூன்று முறை கேட்டு, பதில் வந்த பிறகே பள்ளிக் காவலாளி காலை உள்ளே வைத்தார். நெஞ்சோடு அணைத்தபடி, கதவளவு வெள்ளை அட்டை ஒன்று. ஆசிரியரையோ வகுப்பையோ அவர் கவனிக்கவில்லை. நேராக அதிகாரியிடம் போய்ப் பணிவாகச் சொன்னார்:

"ஐயா, காலையில ஸ்டாஃப் ரூம்லேருந்து எடுத்துட்டு வந்து கார்க் கண்ணாடியில வெயிலுக்கு மறைப்பாச் செருகினீங்களே, அந்த அட்டை காத்துல விழுந்துடுச்சு, நல்லவேளை, மூணு வட்டம் வரைஞ்சிருக்கிற பக்கம் அழுக்காகலை."