ஸ்டோர் ரூமுக்கு ஒரு வைஃபை கார்டு

கழற்றி வைத்த ஸ்க்ரூக்களில் ஒன்றைக் காணோம்.

சாப்பாட்டு மேசை மேல் பழைய லேப்டாப் வயிறு திறந்து மல்லாந்து கிடந்தது. அவள் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தாள். மேலே நின்றபடி மாமியார், துவைக்கப் போட்ட போர்வை காய்ந்திருக்குமா என்று கேட்டார். மாமனார் டார்ச் கொண்டுவந்தார். அவர் தேடவில்லை. அவள் தேடி முடித்த இடங்களுக்கு ஒவ்வொன்றாக வெளிச்சம் காட்டினார்.

"எந்த ஸ்க்ரூம்மா?"

"ரொம்பச் சின்னது மாமா. கார்டை அழுத்திப் பிடிக்கிறது."

"அது இல்லாட்டி ஓடாதா?"

ஓடும், ஆனால் கார்டு தலையைத் தூக்கிக்கொள்ளும் என்றாள். தன்னைப் பற்றியே சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் நோயாளிக் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. லேப்டாப்புக்குள் இருந்த வைஃபை கார்டு எப்போதோ செத்துவிட்டதால், ஹாலில் இருந்த மோடத்திலிருந்து ஒரு வயரை இழுத்துத்தான் இன்டர்நெட். வயர் எட்டுகிற தூரம் சாப்பாட்டு மேசை. அதுதான் அந்த வீட்டின் நாற்சந்தி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அங்கே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். காதுக்குள் டாக்டர், காதுக்கு வெளியே குடும்பம். போன வாரம் ஒரு நோயாளியின் இருமலுக்கும் சளிக்கும் நடுவில் 'ஃபேனைக் கொஞ்சம் குறைங்க' என்று தட்டச்சாகிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மாள் போனில் கோபப்படவே இல்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

சமையலறைக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். ஒரு சின்ன ஜன்னல், ஒரு கதவு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி அவள் நினைக்காத நாளில்லை. ஆனால் 'நான் தனியா இருக்கணும்' என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது. யார் மேல் கோபம் என்று ஆள் ஆளுக்கு விசாரிப்பார்கள். 'லேப்டாப்புக்குக் கார்டு போடணும்' என்று சொல்லலாம். கார்டு போடுவதை யாரும் கோபம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை.

வெளியே செருகுகிற வைஃபை குச்சி ஒன்று கிடைக்குமே என்று கணவன் கேட்டிருந்தான். லேப்டாப்பில் உயிரோடு இருந்தது ஒரே யூஎஸ்பி துளை. பதிவை நிறுத்தவும் ஓட்டவும் காலால் மிதிக்கிற கருவிக்கு அது வேண்டும். அதனால் உள்ளே போடுகிற கார்டுதான் வழி. வீடியோ பார்த்து அவளே போடுவதாக இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நீளமான பதிவை முடித்து அனுப்ப வேண்டும். இதுதான் கடைசி வாய்ப்பு என்று மேற்பார்வையாளர் அம்மாள் சொல்லாமல் சொன்ன பதிவு.

ஸ்க்ரூ மாமனாரின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த உரிமையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கார்டைப் பொருத்துவது சுலபமாக இருந்தது. அதன் தலையில், சிக்னலைப் பிடித்துத் தருகிற தலைமயிர் போன்ற இரண்டு வயர்களை, கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று, அமுக்கி மாட்ட வேண்டும். வயர் நுனி வழுக்கி வழுக்கி விலகியது. மணி ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப் பரபரக்கிற அளவுக்கு ஒரு கதவு என்ன பெரிய விஷயம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் மாமனார் அவள் கையிலிருந்த, புருவ முடி பிடுங்குகிற சாமணத்தை வாங்கிவிட்டார்.

"டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் வயரோடதான் குடித்தனம் பண்ணேன். நகரு."

கறுப்பு ஒட்டிக்கொண்டது. வெள்ளையின் நுனி சாமணத்தோடு வந்துவிட்டது.

"அந்தக் காலத்து வயர் இப்படி இல்லம்மா," என்றார், வயர் மேல் குற்றமாக.

ஒற்றை வயரோடு லேப்டாப்பை மூடிப் போட்டுப் பார்த்தாள். சிக்னல் வந்தது. ஹாலில் முழுசாக, சமையலறையில் பாதியாக. இரண்டு கையிலும் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு, தளும்பாமல் தண்ணீர் கொண்டுபோகிறவள் மாதிரி ஸ்டோர் ரூமுக்குள் காலை வைத்தாள். ஒன்றுமில்லை.

சுவர் ஓரம் நிற்கிற இரும்பு பீரோதான் குறுக்கே மறிக்கிறது என்று மாமியார் சொன்னார். அவரும் தோள் கொடுத்தார். பீரோ நகர்ந்தது, நகர்ந்து கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது சிக்னலும் இல்லை, கதவும் சாத்தவில்லை. மறுபடி தள்ளி, பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். மாமியாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவருக்குத் தைலம் தடவிவிடும்போது, நமக்காகத்தானே இந்த வயசில் இத்தனை பாடு என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் இவர்களிடமிருந்தா ஓடப் பார்த்தோம்?

ஆபீசிலிருந்து வந்த கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைக் கேட்டான். பிறகு, உலகத்தில் யாருக்குமே தோன்றாத ஒன்று தனக்குத் தோன்றிவிட்ட முகத்தோடு நிமிர்ந்தான்.

"சிக்னல் உன்கிட்ட வரலைன்னா மோடத்தையே உன்கிட்ட வச்சுட்டா?"

வெளியிலிருந்து வருகிற கேபிள் தாராளமாகச் சுருட்டி விடப்பட்டிருந்தது. அதைச் சுவரோரமாக இழுத்து, சமையலறையைத் தாண்டி, மோடத்தை ஸ்டோர் ரூம் அலமாரியில் வைத்தான். ஒற்றை வயர் கார்டு பக்கத்திலேயே மோடத்தைக் கண்டதும் முழுசாக விழித்துக்கொண்டது.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சின்ன 'டக்' சத்தம் கேட்கவென்றே திறந்து இன்னொரு தடவை போட்டாள். கிடைத்துவிட்டதை நம்புவதற்கு உடம்பு நேரம் எடுத்துக்கொள்கிறது போலும். காதில் மாட்டிக்கொண்டு மிதித்தாள். நோயாளிக்கு மூன்று வாரமாக மூச்சுத் திணறல் என்று டாக்டர் ஆரம்பித்தார்.

கதவு தட்டப்பட்டது.

மாமனார். மோடம் இங்கே வந்ததிலிருந்து ஹாலில் போனில் செய்தி ஓட மாட்டேனென்கிறதாம். தலைப்புச் செய்தி மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று ஜன்னலோரம் நின்றார். அடுத்து மாமியார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. தங்கையோடு வீடியோவில் பேசும்போது முகம் அப்படியே உறைந்துபோகிறதாம். கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து, இடுப்பு வலியின் கதையை முதலிலிருந்து தொடங்கினார். பின்னாலேயே கணவன். போனில் ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கூட்டம் பாதியில் அறுந்துவிட்டது. தலையணையோடு வந்து தரையில் சாய்ந்து, "நீ உன் வேலையைப் பாரு, நாங்க இருக்கிறதே தெரியாது," என்றான்.

அவள் வேலையைப் பார்த்தாள். இரண்டு பக்கம் ஓடியது. திரும்பிப் படித்தபோது, நோயாளியின் ரத்த அழுத்தத்துக்கு அடுத்த வரியில் 'தைலம் தடவியும் கேக்கல, பீரோவைத் தள்ளினது தப்பு' என்று இருந்தது.

காதிலிருந்ததைப் பிடுங்கி வைத்தாள். இத்தனை வருஷம் நெஞ்சுக்குள் சுருட்டி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நான் தனியா இருக்கணும் அத்தை. ஒரு மணி நேரமாவது. பக்கத்துல யாரும் இல்லாம."

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யார் மேல் கோபம் என்று கேட்கப்போகிறார்கள் என்று அவள் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. மாமியார் போனை மடியில் வைத்தார். அவர் முகத்தில் உண்மையாகவே பரிவு இருந்தது.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? ஹால்ல போய் உக்காரு, அங்க இப்ப ஈ காக்கா கூட இல்ல."