விதை மீட்பு நிலையத்தில் ஒரு கரடி

ஒரு காட்டில் நாவல் மரங்கள் இருந்தன. நாவல் மரங்கள் இருந்ததால் ஒரு கரடி இருந்தது. கரடி இருந்ததால்தான் நாவல் மரங்கள் இருந்தன என்பது யாருக்கும் தெரியாது. கரடிக்கும் தெரியாது. அது பாட்டுக்குத் தின்னும், அது பாட்டுக்கு நடக்கும், நடக்கிற வழியில் எங்காவது ஒதுங்கும்.

ஒரு வருஷம் பழம் கொஞ்சம் குறைவாகக் காய்த்தது. உடனே காடே அழியப் போகிறது என்று குரங்குகள் அலறின. கூட்டம் கூடியது.

"இனிமே ஒரு பழத்தையும் யாரும் தொடக் கூடாது!" என்றது மான்.

"அப்ப நான் எதைத் திங்கறதாம்?" என்றது கரடி.

சண்டை முற்றி, கடைசியில் எல்லாரும் கொக்கிடம் போனார்கள். கொக்கு பிறந்ததிலிருந்து மீனைத் தவிர எதையும் தின்றதில்லை. ஆகவே பழ விஷயத்தில் நடுநிலையானவர். போதாததற்கு மணிக்கணக்கில் ஒற்றைக் காலில் நிற்பவர். சமநிலையைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

கொக்கு கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "தின்னவும் வேண்டும், காக்கவும் வேண்டும். எனவே தின்னுங்கள். ஆனால் தின்ற விதையை மறுநாளே நிலையத்துக்கு வந்து வெளியேற்றி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாதவருக்கு இந்தப் பருவம் முழுக்கப் பழம் கிடையாது."

எல்லாரும் கைதட்டினார்கள். கை இல்லாதவர்கள் வாலைத் தட்டினார்கள். பாறையடியில் 'விதை மீட்பு நிலையம்' திறக்கப்பட்டது. டோக்கன் கொடுக்க மரங்கொத்தி. கவுன்டரில் ஆமை.

அன்று சாயங்காலம் கரடி ஒரு மரத்துப் பழம் முழுவதையும் தின்று தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் டோக்கனோடு போய் நின்றது. அதற்கு முன்னால் ஒரே ஒருத்தர்தான். ஆனால் அந்த ஒருத்தர் யானை.

யானை போட்டதிலிருந்து ஆமை ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி எண்ணியது. நடுவில் கணக்கு மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. வெயில் ஏறியது. கரடி கால் மாற்றி நின்றது. பிறகு இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நின்றது.

"மேடம், கொஞ்சம் அவசரம்."

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் அவசரந்தான் சார். வரிசையில வாங்க."

"வரிசையில நான் ஒருத்தன்தானே இருக்கேன்!"

"அப்புறம் என்ன, அடுத்தது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு ஆமை சாப்பாட்டுக்குப் போனது. பக்கத்துப் புல்தரைக்குத்தான் போனது. ஆனால் போனது ஆமை.

அந்த நேரம் பார்த்துக் கொக்கு ஆய்வுக்கு வந்தார். ஒரு காலை மடக்கிக்கொண்டு உரையாற்றினார்: "இயற்கை வளங்களைப் பயன்படுத்துவதில் நமக்கு அடக்கம் வேண்டும்."

"காலையிலேர்ந்து அதைத்தான் ஐயா பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று கரடி அழுதேவிட்டது.

ஒருவழியாகச் சாயங்காலம் அதன் முறை வந்தது. போய் உட்கார்ந்தது. எதிரே ஆமை, பக்கத்தில் கொக்கு, மேலே கிளையில் மரங்கொத்தி. மூன்று பேரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். கரடியோ கூச்ச சுபாவம். முக்கியது, முனகியது, வானத்தைப் பார்த்தது. நாள் முழுக்கக் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆசாமியை இப்போது காணவே காணோம்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்கன்னா..."

"நேர்ல பார்த்தாத்தான் சார் ரசீது."

"நாளைக்கு வரட்டுங்களா?"

"நேத்துத் தின்னதுக்கு இன்னிக்குத்தான் கடைசி."

'விதை ஏய்ப்பு' என்று கொக்கு தீர்ப்புச் சொன்னார். பருவம் முழுக்கக் கரடிக்குப் பழம் கிடையாது. பாவம், நாவல் பழம் என்றால் அதற்கு உயிர். நாக்கில் கொஞ்சமாவது நீலம் மிச்சம் இருக்கிறதா என்று நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தது. அந்தக் கொக்கை என்ன செய்தாலும் தகும் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

வழியில் புல் பூண்டு இல்லாத ஒரு மொட்டைச் சரிவு. சுற்றிலும் ஈ காக்கா இல்லை. அங்கேதான் வந்தது. உட்காரக்கூட அவகாசம் தராமல் வந்தது. கரடி ஓட ஓட வந்தது. உச்சியிலிருந்து அடிவாரம் வரை சட்டம் மீறப்பட்டது. "அப்பாடா!" என்று கரடி போட்ட சத்தத்தில் எதிர் மலையும் "அப்பாடா!" என்றது. அதற்கப்புறம்தான் பயம் வந்து புதருக்குள் ஒளிந்துகொண்டது.

மழை பெய்தது. நிலையத்தில் விதைகளைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டிக் குகைக்குள் வைத்திருந்தார்கள். மழை படவில்லை, மண் படவில்லை, ஆகவே ஒன்றுகூட முளைக்கவில்லை. மொட்டைச் சரிவில் மட்டும், கரடி தலைதெறிக்க ஓடிய வழியெல்லாம் நாவல் கன்றுகள் கோணல்மாணலாக முளைத்து நின்றன.

கொக்கு ரிப்பன் வெட்ட வந்தார். அலகு இருந்ததால் கத்தரிக்கோல் தேவைப்படவில்லை. "நம் திட்டத்தின் மகத்தான வெற்றி!" என்றார். புதருக்குள்ளிருந்து கன்றுகளைப் பார்த்த கரடிக்கு, பெற்ற பிள்ளைகளைப் பார்த்த மாதிரி கண் கலங்கியது. தாங்க முடியாமல் வெளியே குதித்தது.

"ஐயா, இதெல்லாம் நான் போட்டது ஐயா!"

"ரசீது இருக்கா?" என்றது ஆமை.

"இல்லையே."

"அப்ப இது உங்களோடது இல்லை. உங்களோடதுதான்னா, குத்தம். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க சார்."

கரடி கன்றுகளைப் பார்த்தது. கொக்கின் அலகைப் பார்த்தது.

"எனக்கு இந்த மலையையே தெரியாதுங்க" என்றது.

சரிவைச் சுற்றி முள்வேலி போட்டு, 'இங்கே அசுத்தம் செய்வோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகை வைத்தார்கள். கரடி அதை எழுத்துக்கூட்டிப் படித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு, ஆமை சாப்பாட்டுக்குப் போகும் நேரம் பார்த்து, பருவத்தின் கடைசி நாவல் பழங்களைத் திருட்டுத்தனமாக வயிறு முட்டத் தின்றது. எதிரே இன்னொரு மொட்டை மலை இருந்தது. அதை நோக்கி மெதுவாக நடக்க ஆரம்பித்தது. ஒரு அவசரமும் இல்லை.

நீதி: காட்டுக்கு நல்லது செய்ய வந்தால் அடக்கி வைக்காதே; செய்த இடத்தில் நிற்காதே; ரசீது கேட்டால், செய்தது நீ இல்லை என்று சொல்லிவிடு.